கூனிகள் காணாமல் போன ஆறு

2013 ஜூலைத் தொடக்கத்தில், தென் இங்கிலாந்தின் கென்னெட் ஆற்றில் வழக்கமான சோதனைக்கு இறங்கிய தன்னார்வலர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்போதும் வலை கொள்ளாமல் துள்ளும் நன்னீர்க் கூனிகளைக் காணோம். பூச்சிகளும் செத்துக் கிடந்தன. ஆனால் மீன்கள் செத்து மிதக்கவில்லை.

இந்தக் கடைசி விவரம் முக்கியம். சாக்கடை கலந்து ஆக்சிஜன் தீர்ந்திருந்தால் மீன்களும் தப்பியிருக்காது. செத்தவை பூச்சிகளும் கூனிகளும், அதாவது கணுக்காலிகள். அப்படியானால் பூச்சிமருந்தாகத்தான் இருக்க வேண்டும். ஆய்வகம் அதையே உறுதி செய்தது: குளோர்பைரிபாஸ். நம்மூரில் வீட்டு அஸ்திவாரத்தில் கரையானுக்கு ஊற்றுகிறார்களே, அதே மருந்துதான். மார்ல்பரோ ஊரின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வழியாக ஆற்றில் இறங்கி, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தூரத்துக்குக் கணுக்காலிகளைத் துடைத்துவிட்டது. ஓரிரு டீஸ்பூன் மருந்தே இதற்குப் போதும் என்று அப்போது சொல்லப்பட்டது. நம்பக் கடினம்தான். ஆனால் கூனி வகைகளைக் கொல்ல, லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவே போதும்.

ஓர் ஓடை நலமாக இருக்கிறதா என்று அறிய, பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவதே நமக்குத் தெரிந்த வழி. கரைந்த ஆக்சிஜன், பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை), கோலிஃபார்ம் பாக்டீரியா என்று எண்கள் வரும். கிருமி நீக்கம் மட்டும் செய்து குடிக்கத்தக்க நீர் என்றால் லிட்டருக்கு 6 மில்லிகிராமாவது ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். எண்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் அவை பாட்டில் நிரம்பிய அந்த நொடியைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. பாசி மண்டிய ஓடையில் நண்பகலில் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜன் ததும்பும். விடியற்காலையில் அதே இடத்தில் மீன் மூச்சுக்குத் திணறும். ஆய்வாளர் பெரும்பாலும் வருவதோ நண்பகலில்!

ஓடையிலேயே கிடக்கும் பூச்சிகள் அப்படியல்ல. மேஃப்ளை என்னும் பூச்சியின் வளர்ந்த பருவம் ஓரிரு நாள்தான். சாப்பிட உதவும் வாய்கூட இல்லை. அதன் இளம்பருவமோ மாதக்கணக்கில், சில இனங்களில் ஆண்டுக்கும் மேலாக, நீருக்குள் கற்களைப் பற்றிக்கொண்டு கழிகிறது. நேற்றிரவு யாராவது எதையாவது திறந்துவிட்டிருந்தால் அதன் உடல் அனுபவித்திருக்கும்.

இவற்றைப் பிடிக்கும் முறை எளிது. ஓடையில் இறங்கி, நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் வலையை ஊன்றிக்கொண்டு, மேல்பக்கத்துக் கூழாங்கற்களைக் காலால் கிளற வேண்டும். பிரிட்டனில் இது மூன்று நிமிடம். வலையில் சேர்ந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டினால், முதலில் வெறும் சகதியும் இலைச் சருகும்தான். சற்றுப் பொறுத்தால் சருகு நகரும். வயிற்றின் இருபுறமும் இலை போன்ற செவுள்களை விசிறிக்கொண்டு, மூன்று வாலோடு ஒன்று ஊர்ந்தால் அது பெரும்பாலும் மேஃப்ளை. இரண்டே வால் என்றால் ஸ்டோன்ஃப்ளையாக இருக்கலாம். மணற்பருக்கைகளைத் தன் பட்டு நூலால் ஒட்டிக் கூடு கட்டி, கூட்டோடு நடப்பது கேடிஸ்ஃப்ளையின் புழு. இந்த மூன்றும் நிறைய இருந்தால் நல்ல செய்தி. நெளியும் சிவப்புப் புழுக்கள் மட்டுமே மிஞ்சியிருந்தால் கவலைப்படலாம். அவற்றின் சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின், ஆக்சிஜன் அருகிய சேற்றிலும் பிழைக்க உதவுவது அதுதான்.

இதை மதிப்பெண்ணாக்கும் அட்டவணை ஒன்றை பிரிட்டனில் 1970களின் இறுதியில் உருவாக்கினார்கள். பூச்சியை இனம்வரை அடையாளம் காண வேண்டியதில்லை, குடும்பம் தெரிந்தால் போதும். மாசைத் துளியும் தாங்காத குடும்பங்களுக்கு 10, பெரும்பாலான அட்டைகளுக்கு 3, நீர்ப்புழுக்களுக்கு 1. கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு: கூடுதல் நேரம் கிளறினால் கூடுதல் குடும்பம் கிடைக்கும், மதிப்பெண்ணும் ஏறும். அதனால் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரியையும் பார்க்கிறார்கள். அந்தச் சராசரியே நம்பகமானது.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். ஏதோ நடந்திருக்கிறது என்று பூச்சிகள் காட்டிக்கொடுக்கும். இன்ன ரசாயனம் என்று பெயர் சொல்லாது. கென்னெட்டிலும் குளோர்பைரிபாஸ் என்ற பெயர் ஆய்வகத்திலிருந்துதான் வந்தது. ஆனால் எங்கே, எப்போது தேட வேண்டும் என்று ஆய்வகத்துக்குக் காட்டியது காலிவலை.

பிரிட்டன் அட்டவணையை அப்படியே மேற்குத் தொடர்ச்சி மலைக்குத் தூக்கி வரவும் முடியாது. ஸ்டோன்ஃப்ளைகள் பொதுவாகக் குளிர்நீர்ப் பிரியர்கள். தென்னிந்தியாவில் அவற்றின் வகைகள் குறைவு. அவை இல்லை என்பதற்காக இங்குள்ள தூய ஓடைக்கு மதிப்பெண் குறைத்தால் அநியாயம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்திய நிலைமைக்கு ஏற்ப அட்டவணையை மாற்றிக்கொண்டதற்கு இத்தகைய வேறுபாடுகளே காரணம்.

காலமும் பார்க்க வேண்டும். பருவமழையில் வெள்ளம் புரண்ட மறுநாள் எந்தக் காட்டோடையில் வலை பிடித்தாலும் தட்டு பாதி காலியாகத்தான் இருக்கும். அதை மாசு என்று எழுதிவிடக் கூடாது. சில வாரம் பொறுத்து மறுபடி எடுக்க வேண்டும். அதே மலையில் தோட்டமும் வீடும் அண்டாத இன்னோர் ஓடையிலும் எடுத்து, இரண்டு தட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.