கண்ணாடி ஷோரூமில் நிற்பது யாருடைய சரக்கு?

பருப்பு, எண்ணெய், சீனி விலை நிலவரமும் வரி அறிவிப்புகளும் வரும் பக்கத்தில் சொகுசுக் காருக்கு என்ன வேலை என்று உறுப்பினர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. ஒரு கோடி ரூபாய்க் காரை விற்பவரும் நம்மைப் போல் கம்பெனியிடம் ஏஜென்சி எடுத்து, டெபாசிட் கட்டி, சரக்கை இறக்கி வைத்து, வட்டிக் கணக்குப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வியாபாரிதான். அவர் கடையில் ஏசி ஓடுகிறது, நம் கடையில் மின்விசிறி ஓடுகிறது. மற்றபடி வித்தியாசம் அதிகமில்லை. சில ஆண்டுகளாக அவர் தொழிலில் நடந்து வருவதை சோப்பு, பிஸ்கட், எண்ணெய் ஏஜென்சி வைத்திருப்பவர்கள் கவனிப்பது நல்லது.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். சென்னைக்குக் கார் மோகம் நேற்று வந்ததல்ல. நம்மவர் இன்றும் மௌண்ட் ரோடு என்றே சொல்லும் அண்ணா சாலையில், சிம்சன் கம்பெனி 1840இல் குதிரை வண்டி செய்யும் பட்டறையாகத் தொடங்கியது. அங்கே இருந்த சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903இல் நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்து காட்டினார். டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் மதுரையில் பஸ் விட்டு, பிறகு அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் வண்டிகளை விற்றார். ரானே கம்பெனியும் 1929இல் கார், உதிரி பாகம் விற்கும் கடையாகத்தான் பிறந்தது. விற்றவர்கள் பின்னாளில் பாகங்களைச் செய்பவர்களானார்கள். டி.வி.எஸ்., ரானே என்று இன்று நாம் அறியும் தொழிற்சாலைகளின் அடியைத் தோண்டினால் அங்கே ஒரு கடைக் கல்லா இருக்கும். இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

வேடிக்கை பார்ப்பதிலும் இந்த ஊர் சளைத்ததல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று சோழவரத்தில் இருந்தது. மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே நடத்திய கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களுக்கு வெயிலில் நின்று தொண்டை கட்டக் கத்திய மூத்த உறுப்பினர்கள் நம்மிடையே உண்டு. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தளம் வந்தது. அதே இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் தொழிற்சாலை கார்களை வெளியே அனுப்பத் தொடங்கியது. கோவை நரேன் கார்த்திகேயன் 2005இலும், சென்னை கருண் சந்தோக் 2010இலும் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டினார்கள். 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி இரவு நேரத்தில் ஃபார்முலா 4 தெருப் பந்தயம் நடந்தது. 2025 ஜனவரியில் நடிகர் அஜித் குமாரின் அணி துபாய் 24 மணி நேரப் போட்டியில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றதும், நம் கடைப் பையன்களுக்கெல்லாம் போர்ஷே என்ற பெயர் மனப்பாடமாகிவிட்டது.

வடபழனி ஏவி.எம். ஸ்டுடியோவில் 2023இல் திறந்த காட்சிக்கூடத்தில் பழைய கார்களைத் துடைத்து வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். அந்தக் குடும்பமும் காரைக்குடியில் ஏ.வி. அண்ட் சன்ஸ் என்ற கடை வைத்திருந்த குடும்பம்தான். பெருமைக்காக ஒரு வரி சேர்த்துக்கொண்டோம்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

மெர்சிடிஸ் பென்ஸ் கம்பெனி 1994இல் இந்தியாவில் கால் வைத்தது. பி.எம்.டபிள்யூ. 2007இல் செங்கல்பட்டுப் பக்கம் மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் கார்களைப் பூட்டி முடிக்கும் ஆலையைத் திறந்தது. முழுக் காராக இறக்கினால் சுங்க வரி மிக அதிகம். பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டினால் குறைவு. ஆலை இங்கே வந்ததற்கு அதுவே முக்கியக் காரணம். 2024இல் மெர்சிடிஸ் நாடு முழுவதும் 19,565 கார்களை விற்றது. பி.எம்.டபிள்யூ. தன் மினி கார்களையும் சேர்த்து 15,721 விற்றது. ஆடி 5,816. நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சத்துக்கு மேல் கார் விற்கும்போது, சொகுசுக் கார்கள் எல்லாம் சேர்ந்தும் நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டும். இந்தச் சின்னப் பங்குக்காக எத்தனை பளிங்குத் தரை, எத்தனை விளக்கு! தரையில் எந்த ஓடு, சுவரில் எந்த நிறம், நாற்காலி எந்த மாதிரி என்பதெல்லாம் கம்பெனி கொடுக்கும் வரைபடப்படி. செலவு மட்டும் ஏஜென்டுடையது.

வண்டி ஷோரூமுக்கு வந்தவுடனே அதன்மேல் வட்டி ஓட ஆரம்பிக்கிறது. வங்கியில் கடன் வாங்கித்தான் இருப்பு வைக்கிறார்கள். மாதக் கடைசியில் 'இன்னும் பத்து வண்டி எடுத்துக்கொள்ளுங்கள்' என்று கம்பெனி ஆள் வந்து நிற்பது நமக்கும் பழக்கப்பட்ட காட்சிதானே. அங்கே பத்துப் பெட்டி, இங்கே பத்து வண்டி. 2024 செப்டம்பரில் எல்லா வகைக் கார்களையும் சேர்த்து ஏஜென்டுகளிடம் 80 முதல் 85 நாள் விற்பனைக்குரிய இருப்பு தேங்கிக் கிடப்பதாகவும், அதன் மதிப்பு 79,000 கோடி ரூபாய் என்றும் வாகன விற்பனையாளர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பான ஃபாடா சொன்னது. 21 நாள் இருப்பே போதும் என்பது அவர்கள் வாதம். விற்பனையில் கிடைக்கும் லாபம் வட்டிக்கே போய்விட, சர்வீஸ், உதிரி பாகம், காப்பீட்டுக் கமிஷன் ஆகியவற்றில்தான் பலரும் கடையை ஓட்டுகிறார்கள்.

கம்பெனி ஒரு நாள் போய்விட்டால்? போயிருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017 முடிவோடு இந்தியாவில் கார் விற்பதை நிறுத்தியது. ஃபோர்டு கம்பெனி 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் உற்பத்தியை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. மறைமலை நகர் தொழிலாளர்களின் கவலை பத்திரிகைகளில் வந்தது. ஏஜென்டுகளின் கவலை அவ்வளவாக வரவில்லை. அப்போது 170 ஏஜென்டுகள், 391 கடைகள், ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய் முதலீடு, 40,000 பேர் வேலை என்று ஃபாடா கணக்குக் கொடுத்தது. சில மாதங்களுக்கு முன்புதான் சிலரைப் புதிய ஏஜென்டுகளாக நியமித்திருந்தார்கள் என்றும் சொன்னது. கம்பெனி எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்து மட்டும் போட்டவருக்கு, கம்பெனி வெளியேறும்போது பேசப் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை. ஏஜென்டுகளைக் காக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்று அந்தக் கூட்டமைப்பு கேட்டு வருகிறது. நியாயமான கோரிக்கை. அது கார் ஏஜென்டுக்கு மட்டும் வேண்டிய சட்டமல்ல என்பதையும் நாம் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்த அடி வரியில் விழுந்தது. பெரிய கார்களுக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி. போக இழப்பீட்டு செஸ் 22 சதவீதம் வரை இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் நீங்கி, வரி ஒரே 40 சதவீதமானது. வாங்குபவருக்கு லாபம். ஆனால் அதற்கு முன்பே செஸ் கட்டிக் கொள்முதல் செய்து நிறுத்தியிருந்த வண்டிகள்? கட்டிய செஸ்ஸை, விற்கும்போது வரும் செஸ்ஸில் மட்டுமே கழிக்கலாம் என்பது விதி. விற்பனையில் செஸ்ஸே இல்லாதபோது எதில் கழிப்பது? ஏறத்தாழ 2,500 கோடி ரூபாய் இப்படிப் பேரேட்டில் முடங்கிவிட்டதாகச் சொல்லி ஃபாடா நீதிமன்றம் வரை சென்றது. அதே நாளில் சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் எல்லாம் 18இலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கியதை நாம் மறக்கவில்லை. நமக்கும் பழைய விலை அச்சிட்ட சரக்கால் தலைவலிதான். இருந்தாலும் நாம் 18 சதவீதத்தில் கட்டிய வரி, வரவாகக் கணக்கில் நின்றது. மெல்ல மெல்லக் கழித்துக்கொள்ள முடிந்தது. காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு அந்த வழியும் இல்லை.

இப்போது மெர்சிடிஸ் செய்திருப்பதைப் பாருங்கள். 2021 அக்டோபரிலிருந்து இந்தியாவில் அந்தக் கம்பெனி தன் கார்களை ஏஜென்டுக்கு விற்பதையே நிறுத்திவிட்டது. வண்டி கம்பெனியின் சொத்து. வாங்குபவருக்கு நேராகக் கம்பெனியே பில் போடுகிறது. நாடெங்கும் கம்பெனி வைத்ததே விலை. அண்ணா நகரில் ஒரு தள்ளுபடி, கிண்டியில் ஒரு தள்ளுபடி என்று பேரம் பேச இடமில்லை. ஏஜென்டு வண்டியைக் காட்டுகிறார், ஓட்டிப் பார்க்கக் கொடுக்கிறார், டெலிவரி செய்கிறார், கமிஷன் வாங்கிக்கொள்கிறார். இருப்பு வட்டி இல்லை. பக்கத்து ஏஜென்டு விலையைக் குறைத்து ஆளை இழுத்துக்கொள்வான் என்ற பயம் இல்லை. 2025 செப்டம்பரில் செஸ் நீங்கியபோது, விற்காத புதிய வண்டிக்கான செஸ் இவர்கள் கணக்கில் மாட்டிக்கொள்ளவும் வழியில்லை, ஏனென்றால் சரக்கு இவர்களுடையதே அல்ல.

கேட்க நன்றாக இருக்கிறது. நம் உறுப்பினர்களில் சிலர், 'சோப்புக் கம்பெனியும் இப்படி வந்தால் நிம்மதிதானே அண்ணாச்சி' என்று நம்மிடமே கேட்டார்கள். நாம் அவ்வளவு அவசரப்படவில்லை. கமிஷன் வியாபாரம் நமக்குப் புதிதல்ல. கொத்தவால்சாவடி இருந்த காலத்திலிருந்து, 1996இல் கோயம்பேடு வந்த பிறகும், மண்டிக்காரர் அடுத்தவர் சரக்கைக் கமிஷனுக்குத்தான் விற்கிறார். ஆனால் மண்டிக்காரருக்குச் சரக்கு அனுப்புபவர்கள் ஐம்பது பேர். ஒருவர் போனால் நாற்பத்தொன்பது பேர் இருப்பார்கள். சரக்கை வாங்க வரும் சில்லறைக் கடைக்காரர் மண்டிக்காரரைத் தேடி வருகிறார். கார் ஏஜென்டுக்கு அந்த மார்க்கில் அனுப்புபவர் ஒரே ஒருவர். பில் கம்பெனி பெயரில் இருப்பதால் வாங்கியவர் பெயரும் விலாசமும் போன் நம்பரும் கம்பெனியிடம். நாளைக்குக் கமிஷனை அரை சதவீதம் குறைத்தால் 'முடியாது' என்று சொல்ல அவர் கையில் பிடி எது? சரக்கின் பாரத்தை இறக்கி வைக்கும்போது வாடிக்கையாளரையும் சேர்த்து இறக்கி வைத்துவிட்டோமா என்று பார்க்க வேண்டும். நம்மில் ஏஜென்சி எடுத்திருப்பவர்கள், எந்தக் கடைக்காரர் எவ்வளவு எடுக்கிறார் என்ற விவரத்தை கம்பெனி கொடுத்த கருவியில் தினமும் பதிவு செய்து அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அந்த வேலை ஏற்கெனவே பாதி நடந்தாகிவிட்டது.

கடைசியாக, வாங்கும் எண்ணம் உள்ளவர்களுக்குச் சில கணக்குகள். கடைப் பெயரில் கார் வாங்கினால் ஜி.எஸ்.டி. வரவு கிடைக்கும் என்று ஷோரூமில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சொந்த உபயோகக் காருக்கு, அது கடைப் பெயரில் இருந்தாலும், வரவு கிடையாது. வருமான வரியில் ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் எழுதலாம். அதுவும் தொழிலுக்கு ஓடும் அளவுக்குத்தான். 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 2016 ஜூன் முதல் விற்பவர் 1 சதவீதம் வருமான வரியாகப் பிடிக்கிறார். அது நம் பான் எண்ணில் வரவாகும், ஆடிட்டரிடம் மறக்காமல் சொல்லிக் கழித்துக்கொள்ளுங்கள். அதோடு வாங்கிய விவரம் வருமான வரி இலாகாவின் கண்ணுக்கு நேராகப் போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள் வரி உயர்ந்தபோது, 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதமானது. 60 லட்சம் மதிப்புள்ள வண்டிக்கு 12 லட்சம் இதற்கே போகும். அந்தத் தொகையில் நம் தெருவில் ஒரு மளிகைக் கடைக்கு முழுச் சரக்கும் இறக்கிவிடலாம்.

பழைய சொகுசுக் கார் மலிவாக வருகிறதே என்பார்கள். வரும். சில ஆண்டுகளிலேயே விலை பாதியாகிவிடும். ஆனால் உதிரி பாகத்தின் விலை பாதியாவதில்லை. பதிவு பெற்ற பழைய கார் வியாபாரி தன் லாபத்தின்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும் என்று 2025 ஜனவரியில் ஒரே விகிதமாக்கிவிட்டதால், அதுவும் விலையில் ஏறியிருக்கும். சர்வீஸ் பில்களை முதல் நாளிலிருந்து வரிசையாகக் காட்டாதவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம். சீட் கவர், விளக்கு வகைகளுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு இருக்கிறது, பழைய பாகத்துக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. ஆனால் மாருதிக்குக் கிடைப்பது போல இந்த வண்டிகளின் கம்ப்யூட்டர் பெட்டி புதுப்பேட்டையில் கைக்குக் கை கிடைத்துவிடாது.