தோற்றால் மூட்டை கட்டணும்! - தேசியக் கால்பந்துக் கோப்பையைத் தமிழ்நாடு தவறவிட்ட கதை

கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் முள்ளுக்குறிச்சி. இந்தப் பக்கம் பொங்கலுக்குக் கபடியோ கிரிக்கெட்டோ நடந்தால் பெரும்பாலும் 'நாக் அவுட்'தான். ஒரு மேட்ச் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். யாரும் கண்டுகொள்ளாத டீம் கோப்பையைத் தூக்குவதும் இதில்தான் நடக்கும்.

இந்தியக் கால்பந்திலும் அதே கதைதான். 1888-ல் சிம்லாவில் ராணுவ அணிகளுக்காகத் தொடங்கியது டூரண்ட் கோப்பை. ஆசியாவின் மிகப் பழைமையான கால்பந்துப் போட்டி இது. 1958-ல் இதை நீலகிரி மாவட்டம் வெலிங்டனின் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் வென்றது.

போன் கம்பெனி ஜெயித்த கோப்பை

நாடு முழுவதும் உள்ள கிளப்களுக்காக 1977-ல் வந்தது ஃபெடரேஷன் கோப்பை. கொச்சியில் நடந்த முதல் ஃபைனலில், டெலிபோன் தயாரிக்கும் பெங்களூரு ஐ.டி.ஐ. நிறுவனத்தின் அணி, ஜாம்பவான் மோகன் பகானை 1-0 என வீழ்த்தியது!

அடுத்த ஆண்டு ஃபைனல் கோயம்புத்தூரில். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் இரண்டும் கோலே போடாததால் கோப்பை இருவருக்கும் பொது. 1990, 1991-ல் ஐ.எம்.விஜயன் ஆடிய கேரள போலீஸ் அணி தொடர்ந்து இருமுறை சாம்பியன்.

1997 அரையிறுதியில் பாய்சங் பூட்டியா ஹாட்ரிக் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என மோகன் பகானை நொறுக்கியது. கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் அதைப் பார்த்தவர்கள் 1.31 லட்சம் பேர். ஆனால், ஃபைனலில் கோப்பையை எடுத்துப்போனது கோவாவின் சல்காவ்கர்!

2017-ல் ஃபெடரேஷன் கோப்பை முடிவுக்கு வந்தது. தமிழ்நாட்டு அணி எதுவும் அதை வென்றதில்லை.

நழுவிய 2019

2018-ல் அதன் இடத்துக்கு வந்தது சூப்பர் கோப்பை. மறு ஆண்டே நமக்குப் பொன்னான வாய்ப்பு. ஐ-லீக் சாம்பியன் சென்னை சிட்டி, காலிறுதியில் பெங்களூருவை வெளியேற்றியது. அந்த சீசனில் ஐ.எஸ்.எல். பட்டியலில் கடைசி இடம் பிடித்த சென்னையின் எஃப்.சி.யும் அரையிறுதிக்கு வந்தது. இரண்டும் ஜெயித்திருந்தால் ஃபைனலே நம் வீட்டு விசேஷம்!

சென்னை சிட்டியை எஃப்.சி. கோவா 3-0 என வீழ்த்தியது. ஏப்ரல் 13, புவனேஸ்வர் ஃபைனலில் அதே கோவாவிடம் சென்னையின் எஃப்.சி. 1-2 எனத் தோற்றது.

லீக்கில் கடைசியாக வந்த அணி, கோப்பைக்கு ஒரு கோல் தூரம் வரை போனது. நாக் அவுட்டின் அழகே அதுதான். அந்த ஒரு கோலுக்காகத்தான் தமிழ்நாடு இன்னும் காத்திருக்கிறது!