குளிரில் மொட்டையான மில்க்வீட் செத்துவிட்டதா? பிடுங்கும் முன் இதைப் பாருங்க

ஹைதராபாத்தில் டிசம்பர், ஜனவரி வந்தால் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கவலை வந்துவிடும். வண்ணத்துப்பூச்சிக்காக ஆசையாக வளர்த்த மில்க்வீட் செடியின் இலைகள் மஞ்சளாகி உதிரும். சில வாரங்களில் வெறும் குச்சிதான் மிச்சம். 'செடி செத்துப்போச்சு' என்று வேரோடு பிடுங்கி எறிபவர்கள் உண்டு.

பெரும்பாலும் அந்தச் செடி சாகவில்லை. வேர் உயிரோடு இருக்கும். கொஞ்சம் பொறுத்தால் உகாதிக்குள் மறுபடி துளிர்த்துவிடும். அதற்கு என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது?

மில்க்வீட் என்றால் என்ன?

கிள்ளினால் பால் வடியும் ஒரு செடிக் குடும்பம் இது. நமக்கு நன்றாகத் தெரிந்த உறுப்பினர் எருக்கு, தெலுங்கில் ஜில்லேடு. விநாயகர் சதுர்த்திக்கு மாலையாகும் பூவும், ரத சப்தமி அன்று தலையிலும் தோளிலும் வைத்துக் குளிக்கும் ஏழு இலைகளும் இதிலிருந்துதான் வருகின்றன.

நர்சரிகளில் மில்க்வீட் என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் சிறிய செடி. இது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. தாவரவியல் பெயர் அஸ்க்லெபியஸ் குராசாவிகா.

வெந்தய வரியன் எனப்படும் ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி இந்த இரண்டிலும் முட்டையிடும். அதன் புழுக்கள் இந்தக் குடும்பத்துச் செடிகளின் இலையைத்தான் தின்று வளரும். வேறு இலை வைத்தால் பட்டினிதான். பாலில் உள்ள நஞ்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் இந்தப் பூச்சியிடமிருந்து ஒதுங்கிப்போகும்.

ஹைதராபாத் குளிர் செடியைக் கொல்லுமா?

பொதுவாக, கொல்லாது. இந்த நகரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 6.1 டிகிரி செல்சியஸ்; அது 1946 ஜனவரியில். படான்சேரு, ராஜேந்திரநகர் போன்ற புறநகர்ப் பகுதிகளில் சில இரவுகள் 10 டிகிரிக்குக் கீழே போகும். ஆனால் செடியைக் கருக்கும் உறைபனி இங்கே வழக்கமில்லை. குளிரில் வளர்ச்சி மந்தமாகும், இலை உதிரும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்குள்ள பல மில்க்வீட் வகைகள் குளிரில் தரைமட்டம் வரை காய்ந்து, வசந்தத்தில் வேரிலிருந்து முளைக்கும். அதனால்தான் வேரைச் சருகு போட்டு மூடுங்கள், விதையை ஈரத்தோடு பல வாரம் ஃபிரிட்ஜில் வையுங்கள் என்ற ஆலோசனைகள் இணையத்தில் குவிந்திருக்கின்றன. எருக்குக்கும் நம்ம நர்சரிச் செடிக்கும் இது தேவையில்லை. விதையை பிப்ரவரி, மார்ச்சில் நேராக மண்ணில் போட்டாலே முளைக்கும்.

அப்போ இலை ஏன் கொட்டுது?

மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, குளிர். இரண்டு, புழுக்கள். நாலைந்து புழுக்கள் சேர்ந்தால் ஒரு தொட்டிச் செடியைச் சில நாட்களில் மொட்டையாக்கிவிடும். அது நல்ல செய்திதான். செடி அதைத் தாங்கும். மூன்றாவதுதான் ஆபத்தானது: தண்ணீர். குளிரில் செடி குறைவாகத்தான் குடிக்கும். கோடையில் ஊற்றிய அதே அளவை தினமும் ஊற்றினால் வேர் அழுகிவிடும்.

உயிர் இருக்கா என்று பார்க்க, தண்டின் அடிப்பகுதியை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தாலோ, பால் கசிந்தாலோ செடி உயிரோடு இருக்கிறது. உள்ளே பழுப்பாகக் காய்ந்திருந்தால் இன்னும் கீழே சுரண்டிப் பாருங்கள். மேல் தண்டு காய்ந்தாலும் அடியிலிருந்து துளிர் வரலாம்.

குளிர் முடியும் வரை என்ன செய்யணும்?

* மேல்மண் ஒரு அங்குல ஆழத்துக்குக் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள்.
* தொட்டியை நல்ல வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.
* ஜனவரி முடியும் வரை உரம் வேண்டாம்.
* துளிரில் மஞ்சள் நிற அசுவினி மொய்த்தால், முதலில் புழுவோ முட்டையோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். பூச்சிமருந்து அடித்தால் அசுவினியோடு வண்ணத்துப்பூச்சிப் புழுவும் சாகும். வேப்பெண்ணெயும் புழுவைப் பாதிக்கும்.

எப்போது கிளையை வெட்டலாம்?

ரத சப்தமியை ஒட்டி, அதாவது ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரியில் இரவுக் குளிர் குறையும்போது வெட்டலாம். நர்சரிச் செடி என்றால் தரையிலிருந்து அரை அடி உயரம் விட்டு, கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். பிறகு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போடுங்கள். புதுத் துளிர் வரத் தொடங்கியதும் தண்ணீரைப் படிப்படியாகக் கூட்டலாம்.

இங்கேயும் அமெரிக்க ஆலோசனை அப்படியே பொருந்தாது. அந்நாட்டின் தென்பகுதிகளில் இந்த நர்சரிச் செடியைக் குளிர்காலத்தில் முழுவதும் வெட்டச் சொல்கிறார்கள். அது ஆண்டு முழுக்கப் பச்சையாக இருந்தால் மொனார்க் வண்ணத்துப்பூச்சி வலசை போகாமல் தங்கிவிடுகிறது. இலையில் ஒரு ஒட்டுண்ணியும் சேர்ந்துவிடுகிறது. நம்ம வெந்தய வரியன் ஆண்டு முழுக்க இங்கேயே இனப்பெருக்கம் செய்கிறது. எல்லாச் செடியையும் ஒரே நாளில் வெட்டினால் அதன் புழுவுக்குச் சாப்பாடே இருக்காது. எனவே பாதியை இப்போது வெட்டுங்கள். அவை துளிர்த்த பிறகு மீதியை வெட்டுங்கள்.

வெட்டும் முன் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். முட்டை ஒவ்வொன்றாக அங்கேதான் ஒட்டியிருக்கும். பூஜைக்கு எருக்கம் இலை பறிக்கும்போதும் இதே கவனம் தேவை.

பால் கண்ணில் பட்டால்?

இது விளையாட்டல்ல. எருக்கம்பால் கண்ணின் கருவிழியைப் பாதிக்கும். முதலில் வலி அதிகம் தெரியாமலும் இருக்கலாம். அதனால் அலட்சியம் வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு வெட்டுங்கள், முடிந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் சுத்தமான தண்ணீரில் நிறைய நேரம் கழுவிவிட்டு, உடனே கண் மருத்துவரைப் பாருங்கள். குழந்தைகளும் செல்லப்பிராணிகளும் வாயில் வைக்காதபடி தொட்டியைத் தள்ளி வையுங்கள்.

காலி மனையில் தானாக முளைக்கும் எருக்குக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, உரமும் போடுவதில்லை. ஆழமாக இறங்கும் ஆணிவேரை நம்பியே அது பிழைக்கிறது. மனையில் கட்டடம் வந்தால் முதலில் போவதும் அதுதான். அதனால் உங்க மாடியில் மொட்டையாக நிற்கும் குச்சியை மார்ச் வரைக்குமாவது விட்டு வையுங்க.