ஏலமும் ஒப்பந்தமும்: ரக்பி வீரர்கள் அணி மாறும் முறை

தொழில்முறை விளையாட்டில் ஒரு வீரர் ஓர் அணியை விட்டு மற்றோர் அணிக்குச் செல்வதற்கு மூன்று வழிகள் இன்று உலகில் நடைமுறையில் உள்ளன. புதிய அணி பழைய அணிக்குத் தொகை கொடுத்து வீரரை விடுவித்துக்கொள்வது முதல் வழி. வீரரின் ஒப்பந்தக் காலம் முடியும்வரை பொறுத்திருந்து, அவருடனேயே நேரடியாகப் புதிய ஒப்பந்தம் செய்துகொள்வது இரண்டாம் வழி. போட்டித் தொடரை நடத்தும் அமைப்பே வீரர்களை ஏலத்தின் மூலமாகவோ தெரிவுச் சுற்றின் மூலமாகவோ அணிகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது மூன்றாம் வழி. கால்பந்து முதல் வழியால் பெயர் பெற்றது. இந்திய கிரிக்கெட் மூன்றாம் வழியை வீட்டுக்கு வீடு அறிமுகம் செய்துவிட்டது. ரக்பி யூனியன் என்னும் ஆட்டமோ பெரும்பாலும் இரண்டாம் வழியிலேயே நடக்கிறது. சென்னையின் பெயரிலும் ஒரு தொழில்முறை ரக்பி அணி தோன்றி, முதல் தொடரிலேயே கோப்பையை வென்றிருக்கும் நிலையில், இந்த ஆட்டத்தில் வீரர்கள் எவ்வாறு அணி மாறுகிறார்கள், அந்த மாற்றத்தை எந்த விதிகள் ஆள்கின்றன என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிந்துகொள்வது பயனுடையது.

ஏற்காட்டையும் சேர்வராயன் மலைகளையும் உள்ளடக்கிய சேலம் மாவட்டத்து மக்களுக்கு ஏல முறையைத் தனியே விளக்க வேண்டியதில்லை. அம்மாவட்டத்தின் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த வேகப்பந்து வீச்சாளர் தங்கராசு நடராஜனை 2017ஆம் ஆண்டு ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. மறு ஆண்டே ஐதராபாத் அணி அவரை 40 லட்சம் ரூபாய்க்குப் பெற்றது. 2022இல் அதே அணி 4 கோடி ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பரில் டெல்லி அணி 10.75 கோடி ரூபாய்க்கு அவரைத் தன்வசமாக்கியது. இந்த ஏற்ற இறக்கங்களில் எந்த அணியில் ஆடுவது என்பதை முடிவு செய்தவர் வீரர் அல்லர் என்பதும், கையுயர்த்திய அணிகளின் தேவையே தொகையையும் ஊரையும் ஒருசேரத் தீர்மானித்தது என்பதும் கவனிக்கத்தக்கவை. ரக்பி யூனியனின் மரபு இதற்கு நேர்மாறானது. அங்கே விலைச்சீட்டைவிட ஒப்பந்தத்தின் முடிவுத் தேதியே முக்கியம்.

இந்த வேறுபாட்டின் வேர் ஆட்டத்தின் வரலாற்றில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ரக்பி ஊதியம் பெறாதோர் ஆடும் ஆட்டமாகவே கருதப்பட்டது. வட இங்கிலாந்தின் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்த வீரர்கள், ஆட்டத்துக்காக வேலையை விட்டு வரும் நாளுக்கான கூலி இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று கேட்டபோது தலைமைச் சங்கம் மறுத்துவிட்டது. அதன் விளைவாக 1895 ஆகஸ்ட் 29 அன்று, ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஓட்டலில் கூடிய வடபகுதிக் கழகங்கள் தனியே பிரிந்தன. அவற்றின் ஆட்டமே பின்னாளில் 13 பேர் ஆடும் ரக்பி லீக் ஆயிற்று. 15 பேர் ஆடும் மூல ஆட்டம் ரக்பி யூனியன் என்ற பெயரில் ஊதியமற்ற நிலையிலேயே அடுத்த நூறு ஆண்டுகள் தொடர்ந்தது. யூனியனை விட்டு லீக் அணிக்குச் சென்று கூலி பெற்றவர் திரும்பவும் யூனியனில் ஆடத் தடை இருந்ததால், அக்காலத்தில் அணி மாற்றம் என்பது பெரும்பாலும் மீள முடியாத வெளியேற்றமாகவே இருந்தது. 1995 ஆகஸ்டில் பாரிஸில் கூடிய சர்வதேச ரக்பி வாரியம் இந்தக் கட்டுப்பாட்டை முற்றாக நீக்கிய பிறகுதான் யூனியன் ஆட்டத்தில் சட்டபூர்வமான வீரர் சந்தை பிறந்தது.

அந்தச் சந்தை பிறந்த அதே ஆண்டு டிசம்பரில், பெல்ஜியக் கால்பந்து வீரர் போஸ்மான் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பை வழங்கியது. ஒப்பந்தம் முடிந்த வீரரை வைத்துக்கொண்டு பழைய கழகம் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மாற்றுத் தொகை கேட்க முடியாது என்பதே அதன் சாரம். அதனால் கால்பந்துக் கழகங்கள், ஒப்பந்தக் காலத்தின் நடுவிலேயே வீரர்களை விற்றுவிடும் வழக்கத்தை வளர்த்துக்கொண்டன. 2017இல் பிரேசில் வீரர் நெய்மாருக்காக பாரிஸ் கழகம் கொடுத்த 22.2 கோடி யூரோ அவ்வழக்கத்தின் உச்சம். ரக்பிக் கழகங்களுக்கு அவ்வளவு வருமானம் இல்லை. ஆகவே இரண்டு அல்லது மூன்று ஆண்டு ஒப்பந்தங்கள், அவை முடியும் தறுவாயில் முகவர்கள் வழியே பேச்சு, பருவ இறுதியில் கட்டணமின்றி இடமாற்றம் என்ற ஒழுங்கே அங்கு நிலைத்தது. அடுத்த பருவத்தில் எந்த அணியில் ஆடப்போகிறார் என்று அறிவித்துவிட்ட வீரர், நடப்புப் பருவம் முழுவதும் பழைய அணிக்காக, சில வேளைகளில் தம் எதிர்கால அணிக்கு எதிராகவே ஆடுவது ரக்பியில் இயல்பான காட்சி.

விதிவிலக்குகளும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் செஸ்லின் கோல்பி 2017இல் கேப் டவுனிலிருந்து பிரான்சின் துலூஸ் கழகத்துக்குச் சென்றார். 2019இல் தம் நாட்டு அணியுடன் உலகக் கோப்பையை வென்றார். 2021இல், துலூஸுடனான ஒப்பந்தம் இன்னும் முடியாதிருந்த நிலையில், துலோன் கழகம் அவரை விடுவிக்கத் துலூஸுக்குப் பெருந்தொகை கொடுத்தது. அத்தொகை சுமார் 18 லட்சம் யூரோ என்று பிரெஞ்சு ஊடகங்கள் எழுதின. கால்பந்தில் நடுத்தர வீரருக்கே கொடுக்கப்படும் இத்தொகை ரக்பியில் தலைப்புச் செய்தியாயிற்று. 2023இல் அவர் ஜப்பானின் டோக்கியோ சங்கோலியாத் அணிக்கு மாறினார். தெற்கு அரைக்கோளத்தில் வளர்ந்து, பிரான்சில் பொருளீட்டி, ஜப்பானுக்குச் செல்லும் இவ்வழி இன்றைய ரக்பிச் சந்தையின் முதன்மைப் பாதைகளில் ஒன்று.

நாடு விட்டு நாடு செல்லும் வீரரை உலக ரக்பி அமைப்பின் நான்காம் ஒழுங்குவிதி ஆள்கிறது. தாம் விட்டுச்செல்லும் நாட்டின் சங்கத்திடமிருந்து தடையின்மைச் சான்று பெறாமல் எந்த வீரரும் வேறொரு நாட்டின் சங்கத்துக்குட்பட்ட அணியில் ஆட முடியாது. ஒப்பந்தம் நிலுவையில் இருந்தாலோ, ஒழுங்கு நடவடிக்கைத் தடை முடியாமல் இருந்தாலோ சான்று நிறுத்திவைக்கப்படலாம். அதே விதி, இளம் வீரரைப் பயிற்றுவித்து ஆளாக்கிய அமைப்புக்கு, அவரை ஒப்பந்தம் செய்யும் புதிய அமைப்பு பயிற்சி இழப்பீடு வழங்க வேண்டும் என்ற கோட்பாட்டையும் ஏற்கிறது. நாற்றங்காலை வைத்திருப்பவருக்கு ஒன்றும் கிடைக்காமல் நடவு வயல்காரர் மட்டுமே விளைச்சலை அள்ளிச் செல்லக் கூடாது என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம்.

கழகங்களின் செலவுக்கும் கடிவாளம் உண்டு. ஓர் அணி தன் வீரர்கள் அனைவருக்குமாக ஒரு பருவத்தில் கொடுக்கும் மொத்த ஊதியத்துக்கு உச்சவரம்பு விதிப்பதே ஊதிய வரம்பு எனப்படுகிறது. இங்கிலாந்தின் முதன்மைத் தொடரில் இது கொரோனாவுக்குப் பின் 50 லட்சம் பவுண்டாகக் குறைக்கப்பட்டு, 2024-25 பருவம் முதல் மீண்டும் 64 லட்சம் பவுண்டாயிற்று. இவ்வரம்பை மீறியதற்காக சாரசன்ஸ் கழகத்துக்கு 2019 நவம்பரில் 53.6 லட்சம் பவுண்டு அபராதமும் 35 புள்ளிகள் குறைப்பும் தண்டனையாக விதிக்கப்பட்டன. தொடர்ந்து அக்கழகம் இரண்டாம் நிலைத் தொடருக்கு இறக்கப்பட்டபோது அதன் வீரர்களில் பலர் இரவலாக வேறு அணிகளுக்குச் சென்று ஆடினர். பிரான்சோ ஊதிய வரம்புடன், உள்நாட்டுப் பயிற்சிக் கூடங்களில் வளர்ந்த வீரர்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஒவ்வோர் அணியிலும் இடம்பெற வேண்டும் என்ற விதியையும் வைத்திருக்கிறது. பருவத்தின் நடுவே ஒருவர் நெடுங்காலம் ஆட முடியாதபடி காயமுற்றால் அவருக்குப் பதிலாக மட்டும் புதியவரைச் சேர்க்க அங்கு தனி அனுமதியும் உண்டு.

வீரரின் விருப்பத்துக்கு மற்றொரு தடை நாட்டு அணியின் அழைப்பு. இங்கிலாந்தும் நியூசிலாந்தும் பொதுவாகத் தம் நாட்டுத் தொடர்களில் ஆடுவோரையே நாட்டு அணிக்குத் தேர்ந்தெடுக்கின்றன. ஆகவே வெளிநாட்டில் இரட்டிப்பு ஊதியம் கிடைத்தாலும் நாட்டுச் சட்டையை இழக்க மனமில்லாதவர்கள் உள்ளூரிலேயே தங்கிவிடுகிறார்கள். ஆஸ்திரேலியா 2015இல், நாட்டு அணிக்காக 60 ஆட்டங்களும் ஏழு ஆண்டுச் சேவையும் முடித்தவர்கள் வெளிநாட்டில் ஆடினாலும் தேர்வு பெறலாம் என்று தளர்த்தியது. இத்தடைகளுக்கும் அப்பால், கழகமே மூழ்கிவிடும்போது ஒப்பந்தங்கள் காற்றில் போகின்றன. இங்கிலாந்தில் 2022இல் வூஸ்டர், வாஸ்ப்ஸ் ஆகிய கழகங்களும் 2023இல் லண்டன் ஐரிஷ் கழகமும் கடனில் சரிந்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்கள் ஒரே வேளையில் வேலை தேடி அலைய நேர்ந்தது. சந்தையில் ஆட்கள் மிகுந்ததால் ஊதியம் தாழ்ந்தது.

தென்னாசியாவுக்கு ரக்பி புதிதன்று. 1872 கிறிஸ்துமஸ் நாளில் கல்கத்தாவில் முதல் ஆட்டம் நடந்தது. மறு ஆண்டே கழகமும் அமைந்தது. ஆனால் அதற்கு ஆட்களை அளித்துவந்த பிரிட்டிஷ் படைப்பிரிவு 1876இல் வேறிடம் மாற்றப்பட்டதும் கழகம் தேய்ந்தது. எஞ்சிய 270 வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்யப்பட்ட கோப்பைக்காகத்தான் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் மோதிவருகின்றன. இலங்கையின் மலைநாட்டில், காப்பியும் தேயிலையும் பயிரிட்ட துரைமார்கள் டிம்புள்ள, டிக்கோயா, ஊவா போன்ற கழகங்களில் ஆடினர். இன்று இலங்கையில் 1874இல் தொடங்கிய கண்டி விளையாட்டுக் கழகம், கொழும்பின் சி.ஆர். அண்ட் எஃப்.சி., ஹேவ்லொக் ஆகியவற்றுடன் காவல் துறை, கடற்படை, ராணுவ அணிகளும் மோதுகின்றன. பள்ளிப் போட்டிகளில் ஒளிர்ந்த இளைஞர்களைக் கழகங்கள் ஒருபுறம் அழைக்க, அரசுப் படைகள் நிரந்தர வேலையைக் காட்டி மறுபுறம் ஈர்க்கின்றன. அங்கே அணி மாற்றத்தின் நாணயம் பாதி பணம், பாதி உத்தியோகம்.

இந்தியாவில் ரக்பி 2025இல் ஒரு திருப்பத்தைச் சந்தித்தது. இந்திய ரக்பி சங்கமும் ஜிஎம்ஆர் நிறுவனமும் சேர்ந்து அவ்வாண்டு ஜூன் 15 முதல் 29 வரை மும்பை அந்தேரி விளையாட்டரங்கில் ரக்பி பிரீமியர் லீக் என்ற தொடரை நடத்தின. இது, 2016 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றுள்ள எழுவர் ரக்பி. அதாவது யூனியன் விதிகளின்படி ஏழு பேர் ஆடும் குறுகிய வடிவம். சென்னை, பெங்களூரு, ஐதராபாத், டெல்லி, மும்பை, கலிங்கம் ஆகிய பெயர்களில் ஆறு அணிகள் ஆடின. ஒவ்வோர் அணியிலும் பன்னாட்டு முன்னணி வீரர்கள் ஐவர், ரக்பியில் வளர்ந்துவரும் நாடுகளிலிருந்து மூவர், இந்தியர் ஐவர் என 13 பேர் இருந்தனர். இங்கிலாந்தின் முன்னாள் எழுவர் ஆட்ட வீரர் பென் கோலிங்ஸ் பயிற்றுவித்த சென்னை புல்ஸ் அணி இறுதியாட்டத்தில் டெல்லி ரெட்ஸ் அணியை 41-0 என்ற கணக்கில் வென்று முதல் கோப்பையைப் பெற்றது.

வெற்றி பெரிதே என்றாலும், இத்தொடரில் நிகழ்ந்தது ரக்பி உலகம் பொருள்கொள்ளும் அணி மாற்றம் அன்று, பங்கீடே. இரண்டு வாரம் கழிந்ததும் பன்னாட்டு வீரர்கள் தத்தம் நாட்டுக்கும், இந்திய வீரர்கள் தத்தம் ஊர்க் கழகத்துக்கும் வேலைக்கும் திரும்பினர். ஆண்டு முழுவதும் ஊதியம் தரும் ஒப்பந்தம் இல்லாத இடத்தில் முடிவுத் தேதிக்குப் பொருளில்லை. முடிவுத் தேதி இல்லாத இடத்தில் பேரம் பேசும் உரிமையும் வீரருக்குப் பிறப்பதில்லை. நடராஜனைப் போல ஏலத்தில் உயர்ந்தவருக்குக்கூடப் பின்னணியில் ரஞ்சிக் கோப்பை, தமிழ்நாடு பிரீமியர் லீக் என்று ஆண்டு முழுதும் ஆடும் களங்கள் இருந்தன. அத்தகைய அடித்தளம் இந்திய ரக்பிக்கு இனிமேல்தான் அமைய வேண்டும்.

அந்த அடித்தளத்துக்கு முன்மாதிரி இந்தியாவிலேயே உண்டு. ஒடிசாவின் புவனேஸ்வரத்தில் பழங்குடிப் பிள்ளைகளுக்காக இயங்கும் கலிங்கச் சமூக அறிவியல் கல்வி நிறுவனத்தின் சிறுவர் அணி, 2007இல் லண்டனில் நடந்த 14 வயதுக்குட்பட்டோர் பன்னாட்டுப் போட்டியை வென்றது. கொல்கத்தாவின் ஜங்கிள் குரோஸ் கழகம் எளிய குடும்பத்துச் சிறுவர்களை ஆட்டத்துக்குக் கொண்டுவந்தது. சேர்வராயன் மலைகளிலும் இதற்கான சூழல் இருக்கிறது: 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளி போன்ற உறைவிடப் பள்ளிகள் ஏற்காட்டில் உள்ளன, ஏற்றமும் இறக்கமுமான மலைப்பாதைகளில் நடந்து வளரும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் சிற்றூர்ப் பள்ளிகளில் படிக்கிறார்கள், தட்பவெப்பமும் ஓட்டத்துக்கு இசைவானது. ஒரு பந்தும் ஒரு சமதளமும் ஒரு பயிற்சியாளரும் போதும் என்பதால், எழுவர் ரக்பி சிறு பள்ளிக்கும் எட்டக்கூடிய ஆட்டம்.

ஆனால் அவ்வாறு வளரும் ஒருவரை நாளை நகர அணியொன்று அழைத்துச் செல்லும்போது, அவரை உருவாக்கிய பள்ளிக்கும் கழகத்துக்கும் உரிய பங்கு கிடைக்கும் என்ற உறுதி இருந்தால்தான் அடுத்த பத்துப் பேரை உருவாக்க அவர்களுக்கு ஊக்கம் பிறக்கும். ஆகவே ரக்பி பிரீமியர் லீக்கை நடத்துவோர் ஏலத் தொகையை உயர்த்துவதற்கு முன்பாக மூன்றைச் செய்ய வேண்டும்: இந்திய வீரர்களுக்கு ஆண்டு முழுவதற்குமான ஒப்பந்தம், உலக விதியை ஒட்டிய பயிற்சி இழப்பீடு, ஒப்பந்தம் முடிந்த வீரர் தாமே அணியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை. இம்மூன்றும் அமையாதவரை, சென்னை வெல்லும் கோப்பைகளால் தமிழ்நாட்டு ரக்பிக்கு நிலைத்த பயன் விளையாது.