குளம்புக்கு அடியில் மணல்

எகிப்தின் செங்கடல் கரையில் குஸைர் என்றொரு பழைய துறைமுக ஊர் இருக்கிறது. ஹுர்காதாவிலிருந்து தெற்கே காரில் சுமார் 140 கிலோமீட்டர். மேற்கே கல்லும் மணலுமாக மொட்டை மலைகள், கிழக்கே பளிங்கு போன்ற கடல். நடுவில் கிடக்கும் நிலத்தில் விடுமுறைக்கு வருபவர்களைக் குதிரையில் ஏற்றிக் காலையில் பாலைவனத்துக்குள் கூட்டிப்போய், திரும்பும்போது கடலோரமாக அழைத்து வருகிறார்கள். நான் போனது ஒரு ஜனவரியில்.

லாயத்தில் வழிகாட்டி என்னை உடனே ஏறச் சொல்லவில்லை. குதிரையின் தோளருகே போய், அதன் வால் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றுகொண்டார். கையை முன்னங்கால் வழியே மெல்லத் தடவிக்கொண்டு கீழே இறக்கி, குளம்புக்கு மேலே லேசாக அழுத்தினார். குதிரை தானாகவே காலைத் தூக்கிக் கொடுத்தது. அந்தக் குளம்பைத் தன் முழங்காலில் தாங்கிக்கொண்டு, வளைந்த இரும்புக் கொக்கியால் சுரண்ட ஆரம்பித்தார். சாணமும் மணலும் கட்டி கட்டியாக உதிர்ந்தன. கடைசியாகப் புளியங்கொட்டை அளவில் ஒரு கூழாங்கல் விழுந்தது. அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, “இதோடு மூன்று மணி நேரம் நடந்தால் சாயங்காலம் நொண்டும்” என்றார். மற்ற மூன்று கால்களையும் பார்த்து முடித்த பிறகுதான் சேணத்தின் வாரை இறுக்கினார்.

குளம்பின் அடிப்பக்கத்தை அத்தனை கிட்டத்தில் அன்றுதான் பார்த்தேன். வெளிச்சுவர் நம் நகம் போன்றது. நகத்தில் உள்ள அதே கெரட்டின்தான் அதிலும் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக மேலிருந்து கீழே வளர்கிறது. அந்தச் சுவரில் நரம்பு இல்லை என்பதால் அளவறிந்து அடித்த லாட ஆணி வலிப்பதில்லை. நடுவில், பின்பக்கத்திலிருந்து முன்நோக்கிக் குறுகிப் போகும் ஆப்பு வடிவத்தில் ஒரு பகுதி இருக்கிறது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், பழைய ரப்பர் செருப்பு மாதிரி கொடுத்தது. கால் தரையில் ஊன்றும்போது குளம்பின் பின்பாதி சற்றே விரிந்து, அதிர்ச்சியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. கல் போய்ச் சிக்குவது இந்த ஆப்புக்கும் அடித்தகட்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில்.

குதிரை நிற்பது ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரலின் நுனியில். நம் கையை வைத்துச் சொன்னால் நடுவிரல். மற்ற விரல்களை மடக்கிக்கொண்டு, நடுவிரல் நகத்தை மட்டும் மேசையில் ஊன்றிப் பாருங்கள், அந்த உடம்பின் அமைப்பு பிடிபடும். முன்னங்காலில் முழங்கால் என்று நாம் சொல்வது உண்மையில் அதன் மணிக்கட்டு. அதற்குக் கீழே தசை கிட்டத்தட்ட இல்லை. எலும்பும், எலும்பை ஒட்டி இறங்கும் தசைநாண்களும்தான். காலைத் தூக்கி வீசும் தசையெல்லாம் மேலே, உடம்போடு ஒட்டி இருக்கிறது. கீழ்ப்பகுதி லேசாக இருப்பதால்தான் அதை அவ்வளவு வேகமாக வீச முடிகிறது.

குதிரையின் ஓட்டத்துக்கு அந்தத் தசைநாண்களே சுருள்வில். நாலுகால் பாய்ச்சலில் ஒரு முன்னங்கால் தரையில் இருக்கும் கணத்தில், உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு பாரம் அதன் மேல் இறங்குகிறது. காலின் பின்புறத் தசைநாண் இழுபட்டு நீள்கிறது, பாரம் விலகியதும் சுருங்கி உடம்பை முன்னால் தள்ளுகிறது. தசைக்கு அதனால் எவ்வளவோ உழைப்பு மிச்சம். ஆனால் இழுத்து விடும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெப்பமும் பிறக்கிறது. பாய்ச்சலில் ஓடும் குதிரைகளின் தசைநாணுக்குள் அளந்தபோது நடுப்பகுதி 45 டிகிரி செல்சியஸ் வரை ஏறியிருந்தது. அங்கே இரத்த ஓட்டமும் குறைவு. ஒரு தடவை இழை அறுந்தால் ஆறுவதற்குப் பல மாதம் ஆகும், ஆறினாலும் பழைய இழுவிசை முழுதாகத் திரும்புவதில்லை. குதிரைச் சவாரி போகும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த ஒன்றுதான் என்பேன். பெரிய உடம்பு, பலமான கழுத்து எல்லாம் நம் கண்ணில் படுகின்றன. அத்தனையும் நிற்பது பென்சிலை விடச் சற்றுத் தடித்த சில நாண்களின் மேல்.

அந்த நாண்களுக்கு என்ன நேரும் என்பது கீழே இருக்கும் தரையைப் பொறுத்தது. உலர்ந்த ஆழமான மணலில் குளம்பு புதையும். திருப்பித் தள்ள வேண்டிய தரை கீழே நழுவிவிட, உதைத்த பலத்தில் பெரும் பங்கை மணல் விழுங்கிவிடும். கடற்கரையில் பேருந்தைப் பிடிக்க மணலில் ஓடியவர்களுக்கு இது உடம்பாலேயே தெரியும். அதனால்தான் மணல் குவிந்த இடங்களில் எங்கள் வழிகாட்டி குதிரைகளை நடைக்கு மேல் விடவே இல்லை. மலைக்குள் போகும் வறண்ட ஆற்றுப்படுகைகளை அங்கே வாதி என்கிறார்கள். வாதியின் தரையில் சரளையும் பருமணலும் இறுகிக் கிடக்கும் இடம் வந்தால் “யல்லா” என்று ஒரு குரல் கொடுத்து ஓட்டத்துக்கு மாற்றுவார். பாறைத் துண்டுகள் சிதறிக் கிடந்தால் மறுபடி நடை. மூன்று மணி நேரமும் அவர் கண் தரையை விட்டு எழும்பவில்லை. நாங்கள் மலையைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

கடலோரம் வந்ததும் ஆட்டம் மாறுகிறது. கரையில் மணல் மூன்று பட்டைகளாகக் கிடக்கும். அலை தொடாத மேல்பட்டை உதிரி மணல். அலை வந்து போய்க்கொண்டே இருக்கும் கீழ்ப்பட்டை சொதசொதவென்றிருக்கும். இரண்டுக்கும் நடுவே, நனைந்து வடிந்த ஒரு பட்டை. பாய்ச்சலுக்கு ஏற்றது அதுதான். காரணம் சிற்றில் கட்டி விளையாடிய பிள்ளைகளுக்குத் தெரியும்: காய்ந்த மணலில் வீடு நிற்காது, கொழகொழ மணலிலும் நிற்காது, பதமான ஈரத்தில் மட்டும் நிற்கும். மணிகளுக்கு இடையில் தங்கும் சிறு நீர்த்துளிகள் பரப்பு இழுவிசையால் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கின்றன. இடைவெளி முழுக்க நீர் நிறைந்துவிட்டால் அந்தப் பிடி போய்விடுகிறது.

ஈர மணலில் கால் வைத்தால் சுற்றிலும் ஒரு கணம் வெளுத்து, உலர்ந்ததுபோல் ஆகும். பார்த்திருப்பீர்கள். நெருக்கமாக அடைந்திருந்த மணிகள் மிதிபட்டதும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி விலகுகின்றன. இடைவெளி பெரிதாகிறது, மேற்பரப்பு நீர் அதற்குள் இறங்குகிறது. ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்ற பொறியியல் அறிஞர் 1885இல் இதை விளக்கினார். வழிகாட்டிக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. முன்னால் போன குதிரையின் தடத்தைக் குனிந்து பார்த்தார். விளிம்பு கலையாமல், லாடத்தின் வடிவம் அச்சுப்போல் பதிந்திருந்தது. தடத்துக்குள் தண்ணீர் ஊறவில்லை. தலையசைத்தார். குதிரைகள் அதற்காகவே காத்திருந்ததுபோல் கிளம்பின.

அந்த ஓட்டத்தில் கேட்ட ஓசையைச் சொல்லியாக வேண்டும். பாய்ச்சலை விடச் சற்று மெதுவான துள்ளோட்டத்தில் குளம்பு மூன்று தாளம் போடும், பிறகு ஒரு கண இடைவெளி. அந்த இடைவெளியில் நான்கு காலும் காற்றில் இருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மூச்சு, புஸ் புஸ்ஸென்று. குதிரை வாயால் மூச்சுவிட முடியாத விலங்கு. துள்ளோட்டத்திலும் பாய்ச்சலிலும் அதன் மூச்சு காலடியோடு பூட்டிக்கொள்கிறது: ஒரு வீச்சுக்கு ஒரு மூச்சு. அரபுக் குதிரையின் அகன்ற நாசித் துளைகள் அழகுக்காக மட்டும் அமைந்தவை என்று இனி யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

கடலுக்குள் இறங்குவது வேறு கதை. குதிரையின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் அதற்கு ஏறக்குறைய 350 டிகிரி பார்வை. ஆனால் மூக்குக்கு நேர் கீழேயும் வாலுக்கு நேர் பின்னேயும் தெரியாது. தன்னை நோக்கி வந்து, காலடிக்கு வந்ததும் கண்ணுக்கு மறைந்துபோகும் அலை அதற்குப் பயம் தருவதில் வியப்பில்லை. பழகிய குதிரையை முன்னால் விட்டு, புதியதைப் பின்னால் சாய்வாக இறக்குகிறார்கள். குஸைர் கரையில் இன்னொரு ஆபத்து பவளப்பாறை. கரையை ஒட்டியே கத்தி போல் நீண்டிருக்கும். நடுவில் மணல் படிந்த சிறு குடாக்களில் மட்டுமே இறங்கலாம், அந்த இடங்கள் உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். வயிறு வரை நீர் வந்ததும் குதிரையின் கனத்தைக் கடல் கொஞ்சம் தாங்கிக்கொள்வதை, அதன் முதுகில் இருப்பவரும் உணரலாம். சவாரி முடிந்ததும் நன்னீரால் கழுவ வேண்டும். செங்கடல் பெரும்பாலான கடல்களை விட உப்பு அதிகமானது. லிட்டருக்கு 40 கிராம் அளவில் இருக்கும். வாருக்கு அடியில் அந்த உப்பு காய்ந்தால் தோல் உரியும்.

பாலைவனம் என்றதும் நமக்கு ஒட்டகம்தான் நினைவு வரும், அது சரியும்கூட. அரேபியப் பாலைவன மக்கள் நெடுந்தூரம் போனது ஒட்டகத்தில். பெட்டைக் குதிரையைப் பக்கத்தில் வெறுமுதுகோடு நடத்திக் கூட்டிப்போவார்கள். தாக்குதலின் வேகத்துக்கு மட்டும் அதில் ஏறுவார்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் ஒட்டகப் பாலைக் குதிரைக்குக் கொடுத்தார்கள். குதிரை ஒரு நாளைக்கு 25 லிட்டருக்கு மேல் குடிக்கும். வெயிலில் கடுமையாக ஓடினால் மணிக்கு 10 லிட்டர் வரைகூட வியர்க்கும். நம்மைப் போல் வியர்த்தே உடலைக் குளிர்விக்கும் விலங்கு அது. அதன் வியர்வையில் லேதரின் என்ற புரதம் இருப்பதால் சேணத்தின் ஓரங்களில் சோப்பு நுரை போல் பொங்கி நிற்கும். அடர்ந்த மயிரைத் தாண்டி வியர்வை பரவ அது உதவுகிறது. அந்த வியர்வை அதன் இரத்தத்தை விட உப்பானது. நீரோடு உப்பும் சேர்ந்து வெளியேறிவிடுவதால் இரத்தம் செறிவடைவதில்லை, அதனால் தாக உணர்வு எழுவதில்லை. உடம்பு வற்றிய குதிரை தொட்டியைப் பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். “குடிக்கவில்லை, தாகமில்லை போல” என்று விட்டுவிடுவது உயிருக்கே கேடு. உப்பையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

நாங்கள் போன கரையில், ஊருக்கு வடக்கே சுமார் 8 கிலோமீட்டரில், குஸைர் அல் கதீம் என்ற மேடு இருக்கிறது. ரோமானியர் காலத்து மியோஸ் ஹோர்மோஸ் துறைமுகம் இதுதான். இங்கே தோண்டியெடுத்த பானை ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்தில் கணன், சாதன் என்ற பெயர்கள் கிடைத்தன. இன்னொரு ஓட்டில் ‘பானை ஒறி’ என்று இருந்தது. ஒறி என்பது நம் வீட்டுக் கூரையில் தொங்கிய உறியேதான். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஒரு தமிழர் தன் பெயரைக் கீறிய மண்ணை, நான் குதிரை மேலிருந்து பார்த்துக்கொண்டு போனேன். தொண்டை அடைத்துக்கொண்டது.

குதிரைகள் எதிர்த் திசையில் நம் கரைக்கு வந்தன. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஏடன், ஹோர்முஸ் முதலிய துறைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்திறங்கியதை எழுதியிருக்கிறார். வாங்கியவற்றில் பெரும்பாலானவை ஓராண்டு முடிவதற்குள் மடிந்துபோயின என்றும், அவற்றைப் பேணத் தெரிந்தவர்களும் லாடம் அடிப்பவர்களும் அங்கே இல்லை என்றும் சொல்கிறார். பொன்னைக் கொட்டி வாங்கிய குதிரைகளைக் காக்கக் குளம்பு பார்க்கத் தெரிந்த ஒரு கை இல்லாமல் போயிற்று. அந்தக் கூழாங்கல் இன்னும் என் மேசையில் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது.

விடுமுறைச் சவாரியில் எல்லா லாயங்களும் ஒன்றுபோல் இல்லை. எகிப்தில் உழைக்கும் குதிரைகளின் துயரத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் படையின் குதிரைகள் பல அங்கேயே விற்கப்பட்டன. 1930இல் கெய்ரோவுக்கு வந்த டாரதி புரூக் என்ற பெண்மணி, எலும்பும் தோலுமாக வண்டி இழுத்துக்கொண்டிருந்த அந்தக் கிழட்டுக் குதிரைகளைப் பார்த்துக் கலங்கிப்போனார். பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் பணம் திரட்டி, அவற்றை வாங்கித் துயரத்திலிருந்து விடுவித்தார். 1934இல் கெய்ரோவில் அவர் தொடங்கிய இலவச மருத்துவமனையிலிருந்து வளர்ந்த அமைப்பு, பல நாடுகளில் இன்றும் வண்டிக் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் வைத்தியம் பார்க்கிறது.

நமக்கு அவ்வளவு பெரிய வேலை இல்லை. ஏறுவதற்கு முன் ஐந்து நிமிடம் பார்த்தால் போதும். சேணம் உட்காரும் இடத்திலும் வார் உரசும் இடத்திலும் புண் இருக்கிறதா, விலா எலும்புகள் எண்ணும்படி தெரிகின்றனவா, நடக்கும்போது தலையை ஏற்றி இறக்குகிறதா? தலை அப்படி ஆடினால் முன்னங்காலில் வலி என்று பொருள். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, தீவனத்தை மணலில் கொட்டியிருக்கிறார்களா? மணலோடு சேர்த்துத் தின்றால் அது குடலில் தேங்கி வயிற்றுவலி வரும், குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. நம் எடையும் சேணத்தின் எடையும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பலரும் பின்பற்றும் கணக்கு. 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. உங்கள் எடையைக் கேட்காமலே ஏறச் சொல்லும் இடத்தில் ஏறாதீர்கள். நான் வேறோர் ஊரில் அப்படி ஏறியிருக்கிறேன். பாதி வழியில் குதிரையின் முதுகுப் புண் சேணத்தின் ஓரத்தில் தெரிந்தது. இறங்கி நடந்தே திரும்பினேன். ஏறும் முன்பே பார்த்திருக்க வேண்டும் என்ற வருத்தம் இன்னும் போகவில்லை.

குஸைரில் லாயத்துக்கு அருகே வந்ததும் கடைசி ஒரு கிலோமீட்டர் நடை மட்டுமே. மூச்சும் நாடியும் இறங்க வேண்டும் என்றார் வழிகாட்டி. அவர் இறங்கி நடந்தார், நாங்களும் இறங்கி நடந்தோம். சேணத்தைக் கழற்றியபோது அதன் அடியில் முதுகு நனைந்து, ஆவி பறந்தது. வாளி வாளியாக நன்னீர் ஊற்றினார், உப்புப் போட்ட தண்ணீரை முகத்தருகே பிடித்தார். குதிரை முதலில் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அவர் வாளியை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். சற்று நேரம் கழித்து மூக்கை உள்ளே விட்டு, காதுகள் ஒவ்வொரு மடக்குக்கும் முன்னும் பின்னும் அசைய, முக்கால் வாளியைக் குடித்தது. கயிற்றை அவிழ்த்துவிட்டதும் நாலடி போய் மணலை முகர்ந்து பார்த்தது. முன்னங்கால்களை மடித்து இறங்கி, நான்கு காலும் வானத்தைப் பார்க்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டது.