தந்தமில்லா யானைகள்: கொரங்கோசாவின் கணக்கு

கூடலூர், பந்தலூர் பக்கம் 'மக்னா' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: தந்தம் இல்லாத ஆண் யானை. பெண் யானைக்குத் தந்தம் உண்டா என்று அங்கே யாரும் கேட்பதில்லை; ஆசியப் பெண் யானைகளுக்கு வெளியே தெரியும்படி தந்தம் வளர்வதில்லை. ஆப்பிரிக்கச் சவானா யானைகளில் ஆண், பெண் இரண்டுக்கும் தந்தம் உண்டு. அதனால்தான் மொசாம்பிக் நாட்டின் கொரங்கோசா தேசியப் பூங்காவில் தந்தமில்லாத பெண் யானைகள் பெருகியபோது ஆய்வாளர்கள் காரணம் தேடிப் போனார்கள்.

1977 முதல் 1992 வரை அந்நாட்டில் உள்நாட்டுப் போர். அரசுப் படை, கிளர்ச்சிப் படை இரண்டுமே யானைகளைச் சுட்டன. தந்தம் ஆயுதம் வாங்கப் பணமானது; இறைச்சி படையினரின் சாப்பாட்டுக்குப் போனது. 90 சதவீதத்துக்கும் மேலான யானைகள் ஒழிந்தன. போருக்கு முன் பெண் யானைகளில் தந்தமில்லாதவை 18.5 சதவீதம், போருக்குப் பின் 50.9 சதவீதம்.

உடனே 'துப்பாக்கிக்குப் பயந்து யானை தந்தத்தைக் கைவிட்டது' என்று தலைப்புப் போடத் தோன்றும். தப்பு. தந்தத்தோடு வளர்ந்த யானை தந்தத்தோடுதான் செத்தது. தந்தமில்லாத பெண் யானைகள் போருக்கு முன்பே கூட்டத்தில் இருந்தன. அவற்றைச் சுட்டால் காசு வராது. பிழைத்தவை குட்டி ஈன்றன. தந்தத்தைத் தடுக்கும் மரபணு வடிவமும் குட்டிகளுக்குப் போனது. ஒரு கூட்டத்துக்குள் ஒரு மரபணு வடிவத்தின் பங்கு தலைமுறைக்குத் தலைமுறை ஏறி இறங்குவதுதான் பரிணாமம். எது பிழைக்கிறது, எது குட்டி போடுகிறது என்பதைக் குறிப்பிட்ட ஒரு பண்பு முடிவு செய்தால், அது இயற்கைத் தேர்வு. துப்பாக்கி செய்த வேலையை 'இயற்கை' என்று சொல்ல நாக்கு கூசுகிறது. ஆனால் கணக்கு ஒன்றுதான்.

யானைகள் இவ்வளவு குறைந்துபோனால் விகிதம் தற்செயலாகவும் மாறலாமே? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஷேன் கேம்ப்பெல்-ஸ்டேடன் குழு அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தது. இந்த அளவு ஏற்றம் தற்செயலாக வர வாய்ப்பு மிகமிகக் குறைவு என்று 2021-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதியது.

அக்குழு பிடித்த அடுத்த நூல்தான் சுவாரசியம். கொரங்கோசாவில் தந்தமில்லாத ஆண் யானை கண்ணில் படவே இல்லை. சந்தேகம் எக்ஸ் குரோமோசோம் மேல் விழுந்தது. முக்கியமாக, பல் எனாமல் உருவாக உதவும் ஏமெல்எக்ஸ் மரபணு மேல். தந்தமும் பல்தானே! பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது காப்பாற்றிவிடும், தந்தம் மட்டும் போகும். ஆணுக்கு இருப்பது ஒன்றே. பழுதானது வந்தால் கரு தங்காது. தந்தமில்லாத தாய் 4 முறை சூல் கொண்டால் சராசரியாகத் தந்தமுள்ள மகள் ஒன்று, இல்லாத மகள் ஒன்று, தந்தமுள்ள மகன் ஒன்று. நான்காவது பிறப்பதில்லை. (நம் மக்னா ஆணாயிருந்தும் நன்றாகவே திரிகிறது, அதற்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.)

மகன்களில் பாதியை இழப்பது பெரிய விலை. பட்டை உரிக்கவும், தண்ணீருக்கு மண் தோண்டவும் தந்தம் வேண்டும். துப்பாக்கி ஓய்ந்ததும் தராசு மறுபக்கம் சாயத் தொடங்குகிறது, ஆனால் மெதுவாக. போர் முடிந்த பிறகு பிறந்த பெண் யானைகளிலும் சுமார் மூன்றில் ஒன்றுக்குத் தந்தம் முளைக்கவில்லை.