'பார்மட்' போட்டதும் மாயமான ஒக்கி புயல் படங்கள்!

முட்டம்:-

"ஐநூறு ரூபாயும் கொடுத்து, இருந்த படத்தையும் அழித்துவிட்டு வந்திருக்கிறேனே!" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார் ஒருவர். அவர் வேறு யாருமல்ல, இந்த நிருபர்தான்.

விவரம் வருமாறு:-

30-11-2017 அன்று ஒக்கி புயல் குமரி மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. நான் அப்போது பிளஸ்-2 முடித்துவிட்டு சும்மா சுற்றிய நேரம். கடலுக்குப் போனவர்களை எதிர்பார்த்து பெண்கள் ராப்பகலாகக் கரையில் காத்துக்கிடந்தார்கள். இரவல் கேமராவில் படம் பிடித்தேன். அந்தப் படங்கள் என் கம்ப்யூட்டரில் மட்டுமே இருந்தன. வேறு பிரதி கிடையாது.

கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில் ஓடியதால் பழுது பார்க்கக் கொடுத்தேன். "பார்மட் போட்டா புதுசு மாதிரி ஓடும்" என்றார் கடைக்காரர். படங்களை எடுத்து வைத்தாயா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மறுநாள் புதுசு மாதிரிதான் ஓடியது. உள்ளே ஒரு படம்கூட இல்லை!

"ஏதாவது ஏத்தினியா?"

நாகர்கோவிலில் இந்தத் தொழிலில் ஊறிய ஒரு அண்ணனிடம் ஓடினேன். அவர் கேட்ட முதல் கேள்வி:

"மக்களே, அதுக்குப் பொறவு இதுல ஏதாவது ஏத்தினியா?"

"இல்லண்ணே. தொடவே இல்ல."

"அப்ப பேடிக்காண்டாம். கெடக்கும்."

எப்படிக் கிடக்கும்? வில்லேஜ் ஆபீசில் சிட்டாவைக் கிழித்துவிட்டால் வயல் காணாமல் போகுமா? வயல் அங்கேயேதான் இருக்கும். எது எங்கே என்று சொல்லத்தான் கணக்கு இருக்காது. 'குயிக் பார்மட்' என்பது சிட்டாவைக் கிழிக்கிற வேலை. புதிதாக ஒருவன் உழுது விதைத்தால்தான் பழைய பயிர் போச்சு. (முழு பார்மட் வேறு. இப்போதைய விண்டோசில் அது வயல் முழுக்க உழுதுவிடும்.)

அண்ணன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினார். மீட்கும் சாப்ட்வேர் ராத்திரி முழுக்கத் துழாவியது. கிடைத்ததை அதே டிஸ்க்கில் வைக்காமல் இன்னொரு டிஸ்க்கில் இறக்கினார். அதே டிஸ்க்கில் இறக்கினால், தேடுகிற படத்தின் மேலேயே எழுதிவிடும் என்றார்.

விடிந்தபோது படங்கள் வந்திருந்தன. எல்லாம் அல்ல. கடைக்காரர் புது விண்டோஸ் ஏற்றிய இடத்தில் இருந்தவை போனது போனதுதான். சில படங்களில் மேல் பாதி கடல், கீழ் பாதி வெறும் சாம்பல் நிறம்.

என்னுடையது பழைய சுழலும் டிஸ்க். புது மாதிரி எஸ்.எஸ்.டி. என்றால் கதையே வேறு. அழித்த இடத்தை அதுவே சுத்தமாகத் துடைத்துவிடும். மீட்பது அபூர்வம். டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டாலும் சாப்ட்வேர் வேலைக்கு ஆகாது. உடனே கரண்டை நிறுத்திவிட வேண்டும்.

சாத்தான்குளம் கேமரா

கடைக்கார அண்ணாச்சிகளே, உங்கள் கடை கேமரா பெட்டிக்குள்ளும் இதே டிஸ்க்தான். இடம் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதிதை எழுதிக்கொண்டு போகும். எத்தனை நாள் தாங்குகிறது என்று இன்றே பார்த்துவிடுங்கள். திருட்டு நடந்தால் முதலில் பெட்டியை நிறுத்துங்கள்.

இதன் பயங்கரத்தை நாடு முழுவதும் பார்த்தது 2020-ல். சாத்தான்குளம் வியாபாரி ஜெயராஜ், மகன் பென்னிக்ஸ் ஆகியோர் ஜூன் 19-ந் தேதி போலீஸ் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 22-ந் தேதி இரவு மகன் இறந்தார். மறுநாள் காலை தந்தையும் இறந்தார்.

விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டு போலீஸ் நிலைய கேமரா பதிவைத் தேடினார். டிஸ்க்கின் கொள்ளளவு ஒரு டெராபைட். பல நாள் பதிவு தாராளமாகப் பிடிக்கும். ஆனால் அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி 'செட்டிங்' வைக்கப்பட்டிருந்தது! 19-ந் தேதி முதல் எதுவும் இல்லை என்று மதுரை ஐகோர்ட்டு கிளைக்கு அவர் அறிக்கை அனுப்பினார். கேமரா சொல்லாததை, அங்கே பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் அவரிடம் சாட்சியமாகச் சொன்னார்.

அதே ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி, வேறொரு வழக்கில், எல்லா போலீஸ் நிலையங்களிலும் கேமரா பதிவை 18 மாதம் வைத்திருக்க சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. எப்படியும் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது என்றும் சொன்னது.

என் படங்களுக்கு இப்போது மூன்று பிரதி. இரண்டு முட்டத்தில் இருக்கின்றன. உப்புக்காற்றும் கடலும் உள்ள ஊர் என்பதால், மூன்றாவதை நாகர்கோவில் சித்தி வீட்டு பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறேன். பாதி சாம்பலாக வந்த படங்களையும் அழிக்கவில்லை.